பஸ் ஏன் நின்றது

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பென்சில் டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழாமலும் இல்லை. விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துகொள்வாள். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவளுக்கு இந்த நடிப்புகூட வராவிட்டால் எப்படி?

பெயர் வந்ததற்குக் காரணம் அவளேதான். அவள் வகுப்பில் படிக்கிற பிள்ளை வருஷத்துக்கு ஒரு கதை எழுதியாக வேண்டும். ராஜா ராணிக் கதையெல்லாம் செல்லாது. அந்த ஊரில் நிஜமாகவே நடந்த ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் புகுந்து எழுத வேண்டும். ஒரு வருஷம் மார்க்கெட் தீப்பிடித்த கதை. இன்னொரு வருஷம் ஊருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்த கதை. அதில் நிச்சயமாகத் தெரிந்ததைப் பேனாவில் எழுத வேண்டும், தாங்களாக இட்டுக்கட்டியதைப் பென்சிலில் எழுத வேண்டும். ஒரே வாக்கியத்தில் பாதி நீலமும் பாதி சாம்பலுமாக வந்தாலும் வந்துவிட்டுப் போகட்டும். "அடிச்சுச் சொல்ல முடிஞ்சா பேனா. இப்படி இருந்திருக்கலாம்னு தோணினா பென்சில். நாளைக்கே ஒருத்தர் வந்து, அப்படி இல்லம்மான்னு சொன்னா அழிக்க வசதியா இருக்கணும்" என்பாள்.

இந்தப் புத்தியெல்லாம் ஆசிரியர் பயிற்சியில் வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சொல்லிக்கொடுத்தது கரும்பலகையை மேலிருந்து கீழாக அழிக்க வேண்டும் என்பது மட்டும்தான். அவள் அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவள். விபத்து நடந்தால் பார்த்தவர்கள் எழுதித் தருகிற வாக்குமூலங்களைப் படித்து, சுருக்கி எழுதுகிற வேலை. 'லாரி வேகமாக வந்தது' என்று ஒருவர் எழுதியிருப்பார். கூப்பிட்டு விசாரித்தால், அவர் அப்போது கடைக்குள்ளே இருந்திருப்பார், சத்தம் மட்டும்தான் கேட்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட சத்தத்தோடு தன் ஊகத்தையும் சேர்த்துப் பிசைந்து, எல்லாமே பார்த்ததுதான் என்று நம்பியே விட்டார். ஆறு வருஷம் இதையே பார்த்துப் பார்த்து, மனிதர்கள் என்றால் இப்படித்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியதுதான் அவளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாய் சும்மா இருக்காத மனிதர். அவள் தலைவலி என்று படுத்தால், "இது பேனாவா பென்சிலா?" என்று கதவுப் பக்கமிருந்து கேட்பார். வெளியூரில் படிக்கிற மகள் போன் பண்ணி, நல்லா படிக்கிறேன் என்றால், "அந்த 'நல்லா'வை மட்டும் பென்சில்ல எழுதிக்கோ" என்பார். டீச்சர் முறைப்பாள். முறைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். மொத்தத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிடித்த வேலை, கேலி பண்ணவாவது கூடவே ஒரு ஆள், பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சேர்ந்து சாப்பிட ஆபீஸ் அக்கா. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஆபீஸ் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளி அலுவலகத்தில் ஒற்றை ஆளாக எல்லாம் பார்க்கிறவர். சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாவிக் கொத்து, ஜெராக்ஸ் மிஷின், ஐயோடின் பாட்டில் எல்லாம் அவர் கையில். அடுத்த வருஷம் ஓய்வு. பத்தொன்பது வருஷமாக டீச்சரும் அவரும் அந்த அலுவலகத்து மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஒருத்தர் டப்பாவில் இன்னொருத்தர் கை வைக்க அனுமதி கேட்பதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால், விடாமல் மூன்று நாள் மழை பெய்து ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து விழுந்தபோது, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்தி முப்பத்திநாலு பேர் உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான். இதை எனக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அக்காவைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் அக்கா அதைக் கொண்டுபோய்ப் பாலத்தில்தான் விடுவார். மழை என்றால் பாலம். பஸ் லேட் என்றால் பாலம். ஒரு தடவை யாரோ கண் ஆபரேஷனைப் பற்றிப் பேச, "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு அப்படி. அந்த மழையில, அந்த இருட்டுல பாலம் இல்லைங்கறதைப் பாத்துட்டாரே" என்று அங்கேயும் பாலம் வந்துவிட்டது. டிரைவர் மட்டும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவார். "அடக்கம். பெருமையே பேச மாட்டாரு" என்று அக்கா அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

இந்த வருஷம் டீச்சர் எடுத்துக்கொண்டது அந்தப் பாலத்தைத்தான்.

வேலை வழக்கம்போல ஆரம்பித்தது. இருபத்தொன்பது பிள்ளைகளையும் நூலகத்துக்குக் கூட்டிப்போய், கட்டுக் கட்டாகத் தைத்துவைத்த பழைய செய்தித்தாள்களைப் புரட்ட வைத்தாள். கிடைத்ததையெல்லாம் பெரிய தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். தேதி. மாலை ஆறு நாற்பது. நடுவில் இரண்டு தூண் சரிந்தது. பஸ்ஸில் முப்பத்திநாலு பேர். டிரைவர் பாலத்துக்கு முன்பே பஸ்ஸை நிறுத்தினார், எல்லாரும் இறங்கித் திரும்பி நடந்தார்கள். அவ்வளவுதான் பேப்பரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள். அதற்கு ஓட்டைப் பட்டியல் என்று பெயர். பேப்பர்காரர்கள் சொல்லாமல் விட்ட ஓட்டைகளை அதில் எழுத வேண்டும். அந்த ஓட்டைகளுக்குள்தான் பென்சில் நுழையலாம். ஆனால் அதற்கும் ஒரு சட்டம் உண்டு. விஷயம் தெரிந்த ஆள் உயிரோடு இருந்தால், முதலில் போய்க் கேட்க வேண்டும். கேட்டும் தெரியவில்லை என்றால்தான் பென்சிலைக் கூர் சீவ வேண்டும்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளை எல்லாரும் 'ஏன்' என்றே கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்காமல் அவளுக்கு ஒரு வாக்கியமும் முடியாது. அவள்தான் ஓட்டைப் பட்டியலில் முதல் ஆளாகப் போய், 'டிரைவர் ஏன் பஸ்ஸை நிறுத்தினார்?' என்று எழுதினாள்.

"பாலம் உடைஞ்சிருந்தது, அதனால நிறுத்தினார்" என்றாள் டீச்சர்.

"அது எப்படி டீச்சர் தெரியும்? மழை, இருட்டு. பேப்பர்ல நிறுத்தினார்னுதான் போட்டிருக்கு. பாத்து நிறுத்தினார்னு போடலையே."

நியாயமான கேள்வி. டீச்சர் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? தன் சட்டப்படி, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து டிரைவர் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளித்தான் வீடு. ஆனால் அவர் பேச மாட்டார் என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது பழகிப்போயிருந்தது. அவர் பேச மாட்டாராம், நீயே யோசிச்சு எழுது என்று சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் சட்டம் போடுகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலில் அதை மறந்துவிடுவார்கள் என்பது டீச்சர் விஷயத்திலும் சரியாகத்தான் இருந்தது.

'ஏன்' யோசித்து எழுதினாள். பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு சின்னப் பெண். தினமும் அதே பஸ்ஸில் போகிறவள். பாலம் தூரத்தில் தெரிந்ததுமே அதன் விளக்குகளை எண்ணுவது அவள் பழக்கம். எப்போதும் பன்னிரண்டு. அன்றைக்கு மழைக்குள் எண்ணிப் பார்க்கிறாள், ஐந்துதான் இருக்கிறது. டிரைவர் தூக்கக் கலக்கத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே போகிறார். பெண் எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். பஸ் நிற்கிறது. விளக்கு, பெண், தூக்கக் கலக்கம் எல்லாம் பென்சிலில். தேதியும் நேரமும் முப்பத்திநாலு பேரும் பேனாவில். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. படித்துவிட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக எழுதியிருந்தாள் என்பதுதான் வம்பு.

இருபத்தொன்பது கதைகளையும் அறுபது பிரதி எடுத்துத் தைத்து, பெற்றோர்களுக்கு ஒன்று, நூலகத்துக்கு இரண்டு என்று கொடுப்பது வழக்கம். எடுப்பது ஆபீஸ் அக்கா. முன்பெல்லாம் பென்சில் வரி மங்கலாக வரும், பேனா வரி பளிச்சென்று வரும், படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இந்த வருஷம் புது மிஷின். முதல் தாளைப் போட்டார் அக்கா. பென்சில் வரிகள் பாதி காணவில்லை. பாவம், பிள்ளைகள் கஷ்டப்பட்டு எழுதினது வராமல் போகிறதே என்று, கறுப்பைக் கூட்டுகிற பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினார். எல்லா வரியும் ஒரே கறுப்பாக, அச்சடித்த மாதிரி வந்தது. அக்காவுக்கு ஏக திருப்தி. தாள் சிக்குவதையும் எடுப்பதையுமே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு வரிகூடப் படிக்க நேரமில்லை. டீச்சர் கட்டை வாங்கி, மேலாகப் புரட்டி, "பளிச்சுன்னு இருக்கே அக்கா" என்று பாராட்டிவிட்டு வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பினாள். எது பேனா எது பென்சில் என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி, கையில் அந்தத் தொகுப்போடு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "ஏன் அக்கா, பஸ்ஸை நிறுத்தினது ஒரு சின்னப் பொண்ணாமே? உங்க வீட்டுக்காரர் தூங்கிட்டாராமே? பள்ளிக்கூடத்துப் புத்தகத்துலயே போட்டிருக்கே."

அக்கா பதினாலாம் பக்கத்தை அங்கேயே நின்று படித்தார். தன் கையால் கறுப்பேற்றிய பக்கம்.

அன்று மத்தியானம் டீச்சர் டப்பாவோடு அலுவலகத்துக்குப் போனபோது அக்கா நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்ன அக்கா என்று கேட்டதற்கு, "அவருகிட்ட இருந்தது அது ஒண்ணுதான் டீச்சர். அதையும் பிள்ளைங்களை விட்டு அழிச்சுட்டீங்க" என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை. டீச்சர் பென்சிலைச் சொன்னாள், ஜெராக்ஸைச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். ஜன்னல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பேசாமல் இருப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாக்பீஸ் வேண்டுமென்றால் டீச்சர் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும், அந்தச் சீட்டின் பின்னாலேயே 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று பதில் வரும். பத்தொன்பது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவளுக்கு 'தங்கள்'. அந்த ஒரு சொல் டீச்சருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தலைமையாசிரியர் வேறு கூப்பிட்டு, எதற்கு இந்த வம்பெல்லாம், அந்தக் கதையை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்து ஒரு தாள் அனுப்பிவிடுங்கள், அடுத்த வருஷத்திலிருந்து பாடப்புத்தகத்தோடு நிற்கலாமே என்றார். 'ஏன்' வகுப்பில் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். தன் கதையால் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஒரு வாரம் அந்த வகுப்பில் ஒரு 'ஏன்' கேட்கவில்லை. டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர்கூடப் பேனா பென்சில் கேலியை நிறுத்திவிட்டார், அவருக்கே பயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனாள். அக்கா வீட்டில் இல்லை, தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். டிரைவர் பின்பக்கம் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயதிலும் கை உரமாக இருந்தது. டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தப்பு என்னுடையது, உங்களை வந்து கேட்டிருக்க வேண்டும், பிள்ளை மேல் தப்பில்லை என்றாள்.

அவர் குழாயைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அந்தப் பாப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி டீச்சரம்மா" என்றார் கடைசியில். "இருபத்திநாலு வருஷத்துல ஒருத்தர்கூட அதைக் கேக்கல. நிறுத்தினியாப்பான்னு கேட்டாங்க, ஆமான்னேன். ஏன் நிறுத்தினேன்னு யாரும் கேக்கல."

ஏன் நிறுத்தினீர்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். கேட்க வேண்டியவள் வேறொருத்தி என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வருகிறேன், அவளிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள் என்று அவரே சொன்னார். அவள் என்றது அக்காவை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் அவர் வந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், உட்காருங்கள் என்று சொல்ல அவருக்கு வரவில்லை, அவரும் நின்றார். வராந்தாவில் செய்தி பறந்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் அக்கா வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். யாரையும் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்களா என்று அந்த முகம் கேட்டது. தெரியாத்தனமாக இன்னொரு தப்பும் செய்துவிட்டோமோ என்று டீச்சர் பயந்தாள்.

"கேளும்மா" என்றாள், அந்த 'ஏன்' பெண்ணைப் பார்த்து.

'ஏன்' எழுந்தாள். "சார், நீங்க ஏன் பஸ்ஸை நிறுத்தினீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். மூன்று நாள் மழையில் தன் ஷூ நனைந்து ஊறிப்போனதாகச் சொன்னார். டிரைவர் ஷூ போட்டுத்தான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் டிப்போவில் மெமோ கொடுப்பார்கள். ஆனால் ஊறின ஷூவில் பிரேக் வழுக்கியது. கழற்றி இன்ஜின் பக்கத்தில் காயப் போட்டுவிட்டு, பையில் இருந்த பழைய செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டினார். பாலத்துக்குப் போகிற ஏற்றத்தில் அந்தச் செருப்பின் வார் அறுந்தது. செருப்பு நழுவிப் பிரேக் பக்கம் போவது காலுக்குத் தெரிந்தது. அடியில் போய்ச் சிக்கிக்கொண்டால் பிரேக் பிடிக்காது. சிக்குவதற்குள் ஒரே மிதியாக மிதித்து நிறுத்தினார். குனிந்து செருப்பை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் ரோடு இருந்தது. அப்புறம் இல்லை.

"நான் பாலத்தைப் பாத்து நிறுத்தல. செருப்பு அறுந்துச்சு, நிறுத்தினேன். அவ்வளவுதான் பாப்பா."

இருபத்தொன்பது பிள்ளைகளும் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் மட்டும் களுக்கென்று சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் தொடையில் கிள்ளினான். டீச்சர் வாசலைப் பார்த்தாள். பார்க்கவே பயமாக இருந்தது.

அக்கா பதிவேட்டை மேஜையில் வைத்தார். "அந்தப் பழுப்புச் செருப்பா?"

"ஆமா."

"அன்னைக்குக் காலையிலதானே அதைத் தூக்கிப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வார் பிஞ்சு தொங்குதுன்னு சொன்னேன். போட்டுட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். பையில வச்சுக்கிட்டேன்."

இப்போது வகுப்பே சிரித்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. டீச்சருக்கும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

"முதல்ல மெமோவுக்குப் பயந்தேன். அதுக்குள்ள நீ தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டே. அன்னைக்கு உன் முகத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல." அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துச் சொன்னார்.

அப்போது 'ஏன்' மறுபடி கையைத் தூக்கினாள். எட்டு நாளுக்கு அப்புறம். "சார், நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க? ஏன்னா பேப்பர்ல, எல்லாரும் இறங்கி நடந்தாங்கன்னு போட்டிருக்கு. நீங்க நடந்தீங்கன்னு போடலை."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் எத்தனையோ ஓட்டைகளைப் பார்த்தவள், இந்த ஓட்டையைப் பார்க்கவே இல்லை.

அவர் நடக்கவில்லை. பஸ்ஸைப் பின்னால் எடுத்து, ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். பின்னாலிருந்து யார் வந்தாலும் தாண்டிப் போக முடியாத மாதிரி. பயணிகள் திட்டினார்கள், கண்டக்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலாக மழையில் இறங்கி நின்றார். லாரி வந்தது. குறுக்கே கையை நீட்டி நிறுத்தினார். லாரிக்காரன் இறங்கி வந்து சட்டையைப் பிடித்தான், கூட்டிப்போய்ப் பாலம் இல்லாததைக் காட்டினார், அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் ஒரு வேன் வந்தது, உள்ளே குழந்தைகள். அப்புறம் இன்னும் இரண்டு லாரி. போலீஸ் வர இரண்டு மணி நேரமாயிற்று. அதுவரை நின்றார். பேப்பர்காரர்கள் மறுநாள் வந்து, பஸ் எங்கே நின்றது என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"செருப்பு அறுந்தது என் கையில இல்ல பாப்பா. ரோட்டை அடைச்சது நான் யோசிச்சுப் பண்ணினது. அது ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஆனா அதைச் சொன்னா செருப்பையும் சொல்லணுமே."

பிள்ளைகள் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் வாசலில் அக்கா இல்லை. பதிவேடு மட்டும் மேஜை மேல் கிடந்தது.

சாயங்காலம் மணி அடித்து எல்லாரும் போனபின் டீச்சர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அக்கா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். டீச்சர் இரண்டு அடி தள்ளியே நின்றாள். தொகுப்பை மறுபடி எடுக்க வேண்டும், 'ஏன்' எழுதிய கதையை அப்படியே வைத்து அதற்குப் பின்னாலேயே டிரைவர் சொன்னதையும் போட வேண்டும், தலைமையாசிரியர் என்ன சொன்னாலும் இதை விடக்கூடாது என்றெல்லாம் அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் இப்போது பேசுவதா என்றும் தயக்கமாக இருந்தது.

அக்காதான் ஆரம்பித்தார். "வேன்ல குழந்தைங்க இருந்ததாம் டீச்சர்."

"ஆமா அக்கா."

"அன்னைக்கு அவரு வீட்டுக்கு வரும்போது தொப்பலா நனைஞ்சு, ஒத்தைச் செருப்போட வந்தாரு. காலெல்லாம் சேறு, அது எந்தச் செருப்புன்னுகூடத் தெரியல. அப்பதான் தரையைத் துடைச்சு வச்சிருந்தேன். எங்கேயாவது சுத்திட்டு இந்த நேரத்துக்கு வர்றதான்னு, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பாலம் விழுந்ததே எனக்கு மறுநாள்தான் தெரியும்." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அவரு ஒண்ணுமே சொல்லல. பசிக்குது, சாப்பாடு போடுன்னு மட்டும் சொன்னாரு."

டீச்சர் நெருங்கிப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அவரைத் திட்டாம இருக்கணும் டீச்சர்" என்றார். "குழாயைக் கழட்டிப் போட்டு மூணு நாளாச்சு, இன்னும் மாட்டல. முடியுமான்னு பாக்கறேன்."